பே சிட்டி ரோலர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சாட்டர்டே நைட்’ பாட்டைத் தற்செயலாகக் கேட்டுவிட்டு, யார் இவர்கள், அந்தக் கால்சட்டை ஏன் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது, இத்தனை பெரிய குழு எங்கே போனது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இந்தக் கதையில் பாட்டுக்கு இணையாகக் கணக்கு வழக்கும் உண்டு. அதனால் பணம் பற்றிய பதில் கொஞ்சம் நீளும்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்கள்?

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவிலிருந்து வந்த ஐந்து பேர் கொண்ட பாப் குழு. 1974 முதல் 1976 வரை பிரிட்டனில் பதின்வயதுப் பெண்கள் இவர்களைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். 1975இல் அந்த நாட்டில் மிக அதிகம் விற்ற சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு) இவர்களுடைய ‘பை பை பேபி’. 1976 ஜனவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலிலும் முதலிடம். 1978இல் பாடகர் வெளியேறினார், 1979இல் மேனேஜரை வெளியே அனுப்பினார்கள், 1981இல் ‘ரிகோஷே’ ஆல்பம் வந்ததே பலருக்குத் தெரியாது. உச்சம் என்று சொல்லத்தக்க காலம் மூன்று வருடத்தைத் தாண்டாது.

எடின்பரோ குழுவுக்கு அமெரிக்க ஊர்ப் பெயர் எப்படி வந்தது?

அறுபதுகளின் நடுவில் ஆலன் லாங்மியூர், டெரெக் லாங்மியூர் என்ற அண்ணன் தம்பி தொடங்கிய குழு இது. ஆலன் பிளம்பர் வேலை பழகியவர், பேஸ் கிட்டார் வாசித்தார். தம்பி டெரெக் தச்சு வேலை பழகியவர், டிரம்ஸ். ஆரம்பத்தில் ‘சாக்ஸன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது போதாது, அமெரிக்க வாசனை வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அமெரிக்க வரைபடத்தைச் சுவரில் மாட்டி ஓர் அம்பை எறிந்தார்கள். அது போய் ஆர்கன்சாஸில் குத்தியது, யாருக்கும் பிடிக்கவில்லை. இரண்டாவது அம்பு மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ‘ரோலர்ஸ்’ சேர்ந்துகொண்டது.

அம்பு எறிந்த கதையைக் குழுவினரே ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார்கள். இரண்டாவது தடவை எறிந்ததை மறைக்காமல் சொன்னதால் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

முதல் ஹிட் எது?

1971இல் ‘கீப் ஆன் டான்சிங்’. ஜென்ட்ரிஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1965 பாட்டு, தயாரித்தவர் ஜோனதன் கிங், வெளியிட்டது பெல் ரெக்கார்ட்ஸ். பிரிட்டன் பட்டியலில் 9ஆம் இடம். பின்னணிக் குரல்களைக்கூட கிங்கே அடுக்கடுக்காகப் பாடிச் சேர்த்தார். அப்போது குழுவின் பாடகர் நாபி கிளார்க்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் ஒன்றும் ஓடவில்லை. 1973இல் ‘சாட்டர்டே நைட்’ என்ற சிங்கிளும் வெளிவந்து, யாரும் சீண்டாமல் கிடந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

அலுத்துப்போன கிளார்க் விலகினார். அவர் பாடிய ‘ரிமெம்பர்’ 1974 தொடக்கத்தில் 6ஆம் இடத்துக்கு ஏறியபோது, டிவியில் மைக் முன்னால் நின்றவர் 18 வயது லெஸ் மெக்கியோன். அலைந்து திரிந்த வருடங்கள் ஒருவருக்கு, அறுவடை இன்னொருவருக்கு.

பிரபலமான ஐந்து பேர் யார் யார்?

லாங்மியூர் சகோதரர்கள் இருவர், கிட்டாரில் எரிக் ஃபாக்னரும் ‘வுடி’ என்று அழைக்கப்பட்ட ஸ்டூவர்ட் வுட்டும், பாட்டுக்கு லெஸ் மெக்கியோன். 1974 தொடக்கத்தில் வுட் சேர்ந்ததோடு இந்த அணி முழுமையானது. போஸ்டர்களில் இருப்பது இந்த ஐவர்தான். முன்னும் பின்னும் வந்து போனவர்களை எண்ணினால் பட்டியல் நீளம்.

டாம் பேட்டன் யார்? அவர் பேர் ஏன் எல்லா இடத்திலும் வருகிறது?

மேனேஜர். எடின்பரோவுக்குக் கிழக்கே பிரஸ்டன்பான்ஸ் என்ற ஊர்க்காரர், உருளைக்கிழங்கு வியாபாரியின் மகன், உருளைக்கிழங்கு லாரி ஓட்டியவர். எடின்பரோவில் ‘பலே’ என்ற நடன அரங்கில் சொந்தமாக ஓர் இசைக்குழுவையும் நடத்தினார். லாங்மியூர் சகோதரர்கள் அவரைத் தேடிப் பிடித்து மேனேஜராக்கினார்கள்.

உழைப்பு என்று பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் சிறு ஊர் மண்டபங்களில் வருடக்கணக்கில் குழுவை ஆடவைத்து, லண்டன் கண்டுகொள்ளாத காலத்திலேயே வடக்கே ஒரு பெரிய ரசிகைக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டார். குழு எப்படித் தெரிய வேண்டும் என்பதில் அவர் சொன்னதுதான் சட்டம். பையன்களுக்குக் காதலிகள் கிடையாது, மது தொடமாட்டார்கள், பால்தான் குடிப்பார்கள் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார். பத்திரிகைகளும் பால் தம்ளரோடு படம் போட்டன. உள்ளே நடந்தது வேறு. அதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

அந்த உடை என்ன கணக்கு?

டார்டன் எனப்படும் ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட கம்பளித் துணி, அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வடிவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் துணி. ரோலர்ஸ் அதைக் கால்சட்டையின் ஓரத்திலும் சட்டைக் காலரிலும் பட்டையாகத் தைத்துக்கொண்டார்கள். கால்சட்டை கெண்டைக்காலோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே கோடு போட்ட காலுறை, உயரமான அடிப்பாகம் கொண்ட காலணி. ரசிகைகள் டார்டன் துண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அரங்கத்தில் தலைக்கு மேல் ஆட்டினார்கள். கால்பந்து மைதானத்தில் ஆண்கள் செய்துவந்ததை இசை அரங்கத்துக்குப் பெண்கள் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்லலாம்.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இதன் சாமர்த்தியம் புரியும். அந்த நாட்களில் மற்ற பாப் நட்சத்திரங்கள் போட்ட ஜிகினா உடையைப் பள்ளிச் சிறுமி போட முடியாது. பழைய கால்சட்டையை வெட்டி, ஒரு முழம் கட்டத் துணி வாங்கி அம்மாவிடம் தைக்கக் கொடுத்தால் ரோலர்ஸ் உடை தயார்.

பாடல்களில் வாசித்தது இவர்கள்தானா?

1974 சிங்கிள்களில் இல்லை. ‘ரிமெம்பர்’, ‘ஷாங் அ லாங்’, ‘சம்மர்லவ் சென்சேஷன்’, ‘ஆல் ஆஃப் மீ லவ்ஸ் ஆல் ஆஃப் யூ’ ஆகியவற்றை எழுதித் தயாரித்தவர்கள் கிளாஸ்கோவின் பில் மார்ட்டினும் வட அயர்லாந்து டெர்ரியின் ஃபில் கூல்டரும். ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 1967இல் வென்ற ‘பப்பெட் ஆன் எ ஸ்ட்ரிங்’ எழுதிய அதே ஜோடி. இவர்கள் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்துவிடுவார்கள், ரோலர்ஸிடமிருந்து தேவைப்பட்டது குரல் மட்டும்.

இதை மோசடி என்று அன்றைய இசைப் பத்திரிகைகள் கிழித்தன. அப்படிப் பார்த்தால் அந்தக் காலப் பாப் சிங்கிள்களில் பாதியைத் தூக்கிப்போட வேண்டும். ஸ்டுடியோ நேரத்துக்குக் காசு கொடுப்பவர்கள் ஒரே டேக்கில் வாசிக்கும் ஆளைத்தான் தேடுவார்கள். ஆனால் குழுவினருக்கே இது உறுத்தியது. மார்ட்டின், கூல்டரை விட்டு விலகி, ஸ்வீட் குழுவின் தயாரிப்பாளராக இருந்த ஃபில் வெய்ன்மனிடம் போனார்கள். வாசிக்க அனுமதி கிடைத்தது. முதல் பலன் ‘பை பை பேபி’.

ஃபாக்னரும் வுட்டும் சேர்ந்து எழுதவும் தொடங்கினார்கள். அவர்களுடைய ‘மணி ஹனி’ 1976இல் அமெரிக்காவில் 9ஆம் இடம் வரை போனது. வாசிக்கத் தெரியாதவர்கள் என்ற பேர் மட்டும் கடைசிவரை போகவில்லை.

‘ரோலர்மேனியா’ நிஜமாகவே அவ்வளவு பெரியதா?

1975ஐ மட்டும் பாருங்கள். மார்ச்சில் ‘பை பை பேபி’ முதலிடம் ஏறி ஆறு வாரம் இறங்கவில்லை. அது ஃபோர் சீசன்ஸ் குழுவின் பத்து வருடப் பழைய பாட்டு. ஜூலையில் ‘கிவ் அ லிட்டில் லவ்’ மூன்று வாரம் முதலிடம். கிரனாடா டிவியில் ‘ஷாங் அ லாங்’ என்று இவர்களுக்கே ஒரு வாராந்தர நிகழ்ச்சி. முதல் இரண்டு ஆல்பங்களும் முதலிடம்.

எண்களைவிட ஒரு நாளைச் சொன்னால் விளங்கும். 1975 மே 18, லெஸ்டர்ஷயரில் மாலரி பார்க் கார்ப் பந்தய மைதானம். பிபிசி ரேடியோ 1 நடத்திய குடும்ப விழா. பந்தயப் பாதைக்கு நடுவில் ஓர் ஏரி, ஏரிக்குள் ஒரு தீவு. கூட்டத்திலிருந்து காப்பாற்ற வேண்டுமே என்று ரோலர்ஸை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து தீவில் இறக்கினார்கள். சுற்றிலும் தண்ணீர், அதற்கு வெளியே சீறிக்கொண்டிருக்கும் கார்கள். இரண்டு அரண் போதாதா என்று கணக்குப் போட்டவர் பதினான்கு வயதுப் பெண்ணைச் சந்தித்ததே இல்லை போலும். பெண்கள் பந்தயப் பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து தண்ணீரில் குதித்துவிட்டார்கள். டார்டன் துண்டு நனைந்து கனக்க, பாதி நீந்தியும் பாதி சேற்றில் நடந்தும் தீவை நோக்கி வந்தவர்களைப் பிடித்து இழுத்துக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே இருந்த வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் இந்தக் காட்சியைப் பின்னாளில் ரசித்து ரசித்து விவரித்தார். இத்தனை கூத்துக்கும் நடுவே, குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ரோமப் பொம்மையான வோம்பிள் வேஷம் போட்ட ஒருவர் விசைப்படகை ஓட்ட, சக அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன் அதில் சுற்றிவந்தாராம்.

லெஸ் மெக்கியோனின் கார் விபத்து?

அதே மே மாத இறுதியில் நடந்தது. எடின்பரோவில் அவர் ஓட்டிய கார் மோதி, சாலையைக் கடந்த ஒரு முதிய பெண்மணி இறந்துபோனார். மெக்கியோனுக்கு அப்போது 19 வயது. வழக்கில் அபராதமும், ஓராண்டு கார் ஓட்டத் தடையும் கிடைத்தன. குழு ஓய்வு எடுக்கவில்லை, சுற்றுப்பயணம் தொடர்ந்தது. தன் வாழ்க்கையில் அந்த நாளிலிருந்து மீளவே இல்லை என்பதைப் பிற்காலத்தில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். ஒரு வாரம்கூட நிறுத்த மனம் வராத நிர்வாகம் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அமெரிக்காவில் எப்படி ஜெயித்தார்கள்?

இங்கேதான் ‘சாட்டர்டே நைட்’ திரும்ப வருகிறது. பெல் நிறுவனம் அரிஸ்டா என்று மாறி, கிளைவ் டேவிஸ் அதற்குத் தலைவராக இருந்தார். பிரிட்டனில் தோற்ற அந்தப் பாட்டை மெக்கியோன் குரலில் மறுபடி பதிவு செய்து முதல் ஆல்பத்தில் சேர்த்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு அதுதான் சரி என்று டேவிஸ் முடிவெடுத்தார்.

1975 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சி, ஹாவர்டு கோசெல் என்ற விளையாட்டு வர்ணனையாளரை வைத்து ஒரு நேரடி நிகழ்ச்சி தொடங்கியது. முதல் நாளே லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ரோலர்ஸ். அடுத்த பீட்டில்ஸ் வந்தாயிற்று என்ற அளவுக்கு ஆரவாரம். நிகழ்ச்சியின் பெயர் ‘சாட்டர்டே நைட் லைவ்’. ஆமாம், அதே பெயர்தான். என்பிசியின் புகழ்பெற்ற நகைச்சுவை நிகழ்ச்சி அதே இலையுதிர்காலத்தில் தொடங்கியும் அந்தப் பெயரை உடனே வைத்துக்கொள்ள முடியாமல் போனது இதனால்தான். கோசெலின் நிகழ்ச்சி சீக்கிரமே படுத்துவிட்டது, பாட்டு படுக்கவில்லை. 1976 ஜனவரி 3ஆம் தேதியிட்ட பில்போர்டில் முதலிடம்.

கிழமையின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோஷம் போடும் அந்த ஆரம்பம் இருக்கிறதே, மொழி தெரியாதவர்கூட இரண்டாவது தடவை கூடவே கத்தலாம். பாதி வெற்றி அதில் இருந்தது.

ஜப்பானில்?

வேறு எங்கேயும்விட அதிக நாள் நீடித்த அன்பு அது. 1976 முடிவில் டோக்கியோ புடோக்கான் உள்ளிட்ட அரங்கங்கள் நிரம்பின. பிரிட்டனில் மறந்த பிறகும் மெக்கியோனால் அங்கே தனியாகப் போய்ப் பாடிச் சம்பாதிக்க முடிந்தது.

அந்தக் காலத்தில் வேறு ஸ்காட்லாந்துக் குழுக்களே இல்லையா?

நிறைய. சுவாரசியம் என்னவென்றால் பலருக்கும் ரோலர்ஸோடு ஒரு முடிச்சு உண்டு. ‘மேஜிக்’, ‘ஜனவரி’ பாடல்களால் புகழ்பெற்ற பைலட் குழுவின் டேவிட் பேட்டனும் பில்லி லயலும் புகழ் வருவதற்கு முன்பே ரோலர்ஸில் இருந்து விலகியவர்கள். இந்த பேட்டனுக்கும் மேனேஜர் பேட்டனுக்கும் உறவு கிடையாது. ‘பை பை பேபி’ முதலிடம் பிடிப்பதற்குச் சில வாரம் முன்னால் அதே இடத்தில் இருந்தது பைலட்டின் ‘ஜனவரி’. விட்டுப்போனவர்கள் முந்திக்கொண்டார்கள்.

ரோலர்ஸ் கைவிட்ட மார்ட்டினும் கூல்டரும் கிளாஸ்கோவின் ஸ்லிக் குழுவைப் பிடித்து, ‘ஃபாரெவர் அண்டு எவர்’ பாட்டால் 1976இல் முதலிடம் பெற்றார்கள். அதில் பாடியவர் மிட்ஜ் யூர், பிற்காலத்தில் அல்ட்ராவாக்ஸ் குழுவுக்குப் போனவர். அமெரிக்காவில் முதலிடம் என்று பார்த்தாலும் ரோலர்ஸுக்கு ஒரு வருடம் முன்பே ஆவரேஜ் ஒயிட் பேண்ட் போய்விட்டது. சிறுமிகளுக்கு ரோலர்ஸ் போஸ்டர்களை வாராவாரம் கொடுத்த ‘ஜாக்கி’ இதழ்கூட ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் ஏன் விழுந்தார்கள்? பங்க் இசையாலா?

எல்லோரும் சொல்லும் பதில் அது, எனக்கு உடன்பாடு இல்லை. பங்க் என்பது அப்போது கிளம்பிய முரட்டு ராக் இசை. 1977இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் தட்டை வாங்கியவர்கள் ஒருபோதும் ரோலர்ஸ் தட்டை வாங்கியவர்கள் அல்ல. ரசிகைகளுக்கு வயதானது. 1974இல் பன்னிரண்டு வயதில் மணிக்கட்டில் துண்டு கட்டியவளுக்கு 1977இல் பதினைந்து. அந்த மூன்று வருடம் அவளுக்கு ஒரு யுகம். இது எல்லாப் பையன் குழுக்களுக்கும் நடப்பது, தவிர்க்க முடியாது. அந்த நேரத்தில் குழுவும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். ரோலர்ஸ் வளர விடப்படவில்லை.

1976 வசந்தத்தில் ஆலன் விலகினார். 28 வயதாகப்போகிறது, பதின்வயதுக் குழுவில் இவர் எதற்கு என்ற நிலை. குழுவைத் தொடங்கியவரே அதற்கு அதிக வயதானவர் ஆகிவிட்டார். அவருக்குப் பதில் வட அயர்லாந்தின் இயன் மிட்செல், 17 வயது. அந்த வருடத்துக்குள் அவரும் போய் பேட் மெக்லின் வந்தார், அவரும் நிலைக்கவில்லை. போஸ்டரில் ஒரு முகத்தை மாற்றினால் அதைச் சுவரில் ஒட்டியவளுக்கு அது துரோகம். இதை மேனேஜர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவைத் துரத்தியதும் சேர்ந்துகொண்டது. 1976இன் ‘டெடிகேஷன்’ ஆல்பத்தைக் கனடாவின் டொரோண்டோவில் ஜிம்மி ஐனர் தயாரித்தார். அடுத்த ‘இட்ஸ் எ கேம்’ ராக் பாடகர் டேவிட் போயியோடு வேலை செய்த ஹாரி மாஸ்லின் தயாரிப்பு. இசை முதிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘யூ மேட் மீ பிலீவ் இன் மேஜிக்’ அமெரிக்காவில் 10ஆம் இடம், சொந்த நாட்டில் 34. பிரிட்டனில் முதல் பத்துக்குள் கடைசியாகப் போனது 1976இன் ‘ஐ ஒன்லி வாண்ட் டு பி வித் யூ’.

1978இல் அமெரிக்க என்பிசியில் சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர்களாகப் போனார்கள். பெரியவர்களுக்கான ராக் குழு ஆக வேண்டும் என்று தவித்தவர்களைப் பொம்மை வேஷக்காரர்களோடு நிற்கவைத்தது அது. அதற்குள் மெக்கியோனும் மற்றவர்களும் முகம் கொடுத்துப் பேசுவது நின்றிருந்தது. அவர் விலகினார். தென்னாப்பிரிக்காவின் ராபிட் குழுவிலிருந்து டங்கன் ஃபோர் வந்தார், பெயர் ‘தி ரோலர்ஸ்’ என்று சுருங்கியது, டார்டன் போனது. ‘எலிவேட்டர்’, ‘வாக்ஸ்’, ‘ரிகோஷே’ என்று மூன்று ஆல்பம். கேட்டுப் பார்த்தால் மோசமில்லை. அன்றைக்குக் கேட்க ஆளில்லை.

இவ்வளவு விற்றதே, பணம் எங்கே போனது?

விற்ற தட்டுகள் 10 கோடி என்பார்கள், 12 கோடி என்பார்கள். யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சண்டையே அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

ஒரு தட்டு விற்றால் பணம் பல கைக்குப் போகும். பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் ஒரு பங்கு. ‘பை பை பேபி’ ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தபோது அந்தப் பங்கு அமெரிக்காவுக்குப் போனது. மார்ட்டின், கூல்டர் பாட்டு என்றால் அவர்களுக்கு. பாடியவருக்கு உரியது தனி ராயல்டி, விலையில் ஒரு சிறு சதவீதம். அதிலிருந்தும் ஸ்டுடியோ செலவு, முன்பணம் எல்லாம் முதலில் கழியும். மிச்சத்தில் மேனேஜர் பங்கு. பிறகு ஐந்தாகப் பிரிக்க வேண்டும். இதற்கு மேல், ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், உலகம் முழுக்க வெவ்வேறு கம்பெனிகள் விற்றன, இருபது வயதுப் பையன்கள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

சாப்பாடு, ஹோட்டல், கார் எல்லாம் மேலிருந்து வரும், கையில் வாரச் சம்பளம் கிடைக்கும். பெரிய தொகை எங்கோ பத்திரமாகச் சேர்கிறது என்று நம்பினார்கள். எழுபதுகளின் இறுதியில் திரும்பிப் பார்த்தபோது அந்த ‘எங்கோ’ இல்லை.

2007இல் குழுவில் இருந்தவர்களில் ஆறு பேர் சேர்ந்து நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரிஸ்டா மேல் வழக்குப் போட்டார்கள். கோடிக்கணக்கான டாலர் பாக்கி என்பது வாதம். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது தெளிவாக இல்லாததால்தான் நிறுத்திவைத்தோம் என்ற தொனியில் கம்பெனி பேசிவந்தது. நியூயார்க்கில் ஒப்பந்தப் பாக்கிக்கு ஆறு வருடம்தான் கெடு. எழுபதுகளின் பணத்தை 2007இல் கேட்க வேண்டுமானால், பாக்கி இருப்பதைக் கம்பெனி இடையில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வருடக்கணக்கில் நடந்த வாதம் பெரும்பாலும் பழைய கடிதங்களில் உள்ள வரிகளுக்கு என்ன பொருள் என்பதைச் சுற்றியே ஓடியது. பாட்டு, டார்டன், ரசிகைகள் எதுவும் அங்கே பேச்சில் இல்லை.

2016இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். ஆளுக்குச் சுமார் 70,000 பவுண்டு என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. எடின்பரோவில் ஒரு சின்ன ஃபிளாட்கூட வாங்க முடியாத தொகை.

பேட்டன் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டவையா?

ஒரு பகுதி நிரூபிக்கப்பட்டது. பதின்வயதுப் பையன்களிடம் பாலியல் குற்றம் புரிந்ததாக 1982இல் அவருக்கு மூன்று வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது, சுமார் ஒரு வருடம் உள்ளே இருந்தார். அந்த வழக்கு ரோலர்ஸ் உறுப்பினர்களைப் பற்றியது அல்ல.

குழுவுக்குள் இருந்தவர்களில் பேட் மெக்லின் 2003இல் போலீசில் புகார் கொடுத்தார், ஆதாரம் போதவில்லை என்று வழக்கு போடப்படவில்லை. தானும் பாதிக்கப்பட்டதாக மெக்கியோன் பிற்காலத்தில் சொன்னார். பேட்டன் மறுத்துவந்தார், 2009இல் 70 வயதில் இறந்தார். 2023இல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த ஆவணப்படத்துக்குப் பிறகு இந்தப் பழைய குரல்களுக்குக் காது கொடுப்பவர்கள் கூடினார்கள்.

காதலி கூடாது, தனியே வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அந்நாளில் எல்லோரும் ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். இப்போது அந்தப் பேட்டிகளைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

உறுப்பினர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

ஆலன் லாங்மியூர் ஸ்காட்லாந்துக்கே திரும்பி, பழகிய பிளம்பர் தொழிலுக்கும் போனார். மெக்சிகோவில் விடுமுறையின்போது நோய்வாய்ப்பட்டு, ஊர் திரும்பி 2018 ஜூலையில் 70 வயதில் இறந்தார். இவரைப் பற்றி ஒருவரும் கசப்பாகப் பேசிக் கேட்டதில்லை.

டெரெக் நர்ஸாகப் பயிற்சி பெற்று மருத்துவமனையில் வேலை பார்த்தார். 2000இல் சிறார் ஆபாசப் படங்கள் வைத்திருந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 300 மணி நேரச் சமூகப் பணித் தண்டனை பெற்றார். அதன்பின் மேடைப் பக்கம் வரவில்லை.

மெக்கியோன் குடியோடு நெடுங்காலம் போராடி, தன் பெயரில் ஒரு ரோலர்ஸ் குழுவோடு பாடிக்கொண்டே இருந்தார். 2021 ஏப்ரலில் 65 வயதில் மரணம். இயன் மிட்செல் 2020இல் காலமானார். ஃபாக்னர் நாட்டார் இசைப் பக்கம் போனார். வுட் இசைத் தயாரிப்பாளராகி, கெல்டிக் இசை ஆல்பங்கள் செய்தார்.

மறுபடி ஒன்றுசேரவே இல்லையா?

அவ்வப்போது சேர்ந்தார்கள். 1999 டிசம்பர் 31 இரவு, புத்தாயிரத்தை வரவேற்க எடின்பரோவில் பாடினார்கள். 2015இல் மெக்கியோன், ஆலன், வுட் மூவரும் கிளாஸ்கோவின் பாரோலேண்ட் அரங்கில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி அறிவிக்க, டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்தது. வந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிய பெண்கள், கையில் பழைய துண்டு. அந்த ஒற்றுமையும் நீடிக்கவில்லை. இப்போது அந்தப் பெயரில் வுட் புது ஆட்களோடு மேடையேறுகிறார்.

இவர்களால் இசையில் ஏதாவது மிச்சம் உண்டா?

உண்டு, எதிர்பாராத இடத்தில். நியூயார்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் குழு, ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’ பாட்டின் ‘ஹே ஹோ லெட்ஸ் கோ’ கோஷத்துக்கு ‘சாட்டர்டே நைட்’தான் தூண்டுதல் என்று வெளிப்படையாகச் சொன்னது. ரோலர்ஸைக் கொன்றதாகச் சொல்லப்படும் பங்க் இசையின் முதல் முழக்கமே இவர்களிடம் கடன் வாங்கியது.

இன்னொன்று சிரிப்புக் கதை. கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள நினைத்த பிரிட்டிஷ் பாடகர் நிக் லோ, வேண்டுமென்றே அபத்தமாக ‘பே சிட்டி ரோலர்ஸ் வீ லவ் யூ’ என்று ஒரு பாட்டைப் புனைபெயரில் பதிவு செய்து கொடுத்தார். அது ஜப்பானில் ஓடிவிட்டது.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

‘சாட்டர்டே நைட்’, ‘ஷாங் அ லாங்’, ‘பை பை பேபி’ மூன்றையும் எப்படியும் கேட்பீர்கள். ‘பை பை பேபி’யை ஃபோர் சீசன்ஸ் பதிவோடு அடுத்தடுத்து ஓடவிடுங்கள். அமெரிக்கர்கள் பாடியதில் திருமணமான ஒருவனின் குற்ற உணர்ச்சி தெரியும். ரோலர்ஸ் அதே வரிகளைத் திருவிழாவாக்கிவிட்டார்கள், சோகப் பாட்டு என்பதே மறந்துபோகும். பிறகு ‘மணி ஹனி’, சொந்தமாக எழுதினால் எப்படி இருந்தார்கள் என்று தெரிய. அதற்கும் மேல் ஆர்வம் இருந்தால் ‘இட்ஸ் எ கேம்’ ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். 1974 ‘ரோலின்’ ஆல்பத்தில் ஹிட்களைத் தவிர மற்றவற்றைத் தாண்டிப் போனால் நஷ்டமில்லை.